வீட்டுக் கணினியில் பிட்காயின்: சாவியை எங்கே வைப்பது?

2024 ஜூலையில் கிரிப்டோ வாங்கி விற்கும் பரிமாற்றகமான வாசிர்எக்ஸின் வாலட்டிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடு போன செய்தி வந்த மறுநாள், சித்தப்பா மகன் கோயம்புத்தூரிலிருந்து அழைத்தான். அவன் பணம் வேறொரு பரிமாற்றகத்தில் பத்திரமாக இருந்தது. ஆனாலும் குரலில் பதற்றம். "அண்ணா, எல்லாவற்றையும் நம் வீட்டுக் கணினிக்கே மாற்றிவிடட்டுமா? நம்மிடம் இருந்தால் யாரும் தொட முடியாது அல்லவா?"

நம்மிடம் இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அவன் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கணினியை நான் அறிவேன். அவன் மகன் கண்ட இடங்களிலிருந்து விளையாட்டுகளை இறக்குவதும், மனைவி பள்ளிக் கட்டணம் கட்டுவதும், குடியிருப்புச் சங்கத்தின் வரவுசெலவு மின்னஞ்சலில் வந்து திறக்கப்படுவதும் அதில்தான். அது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவையும் பின்னர் மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. பரிமாற்றகத்திலிருந்து எடுத்த பணத்தை அப்படிப்பட்ட கணினியில் வைப்பது, லாக்கரில் இருந்த நகையை எடுத்துவந்து திண்ணையில் வைப்பதற்குச் சமம். "அவசரப்படாதே" என்று சொல்லிவிட்டு, இருவரும் சிறு தொகையை வைத்து நான்கு வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம்.

எதைக் காக்கிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். வாலட் மென்பொருளுக்குள் நாணயம் எதுவும் கிடையாது. யாரிடம் எவ்வளவு என்ற கணக்கு, உலகெங்கும் பரவிய கணினிகளில் பொதுப் பேரேடாக இருக்கிறது. நம்மிடம் இருப்பது ரகசியச் சாவி மட்டும். பணம் அனுப்பும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அதைக் கொண்டுதான் டிஜிட்டலாகக் கையொப்பமிடுகிறோம். இன்றைய வாலட்டுகளில் பெரும்பாலானவை அந்தச் சாவிகளை 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களிலிருந்து உருவாக்குகின்றன. அந்தச் சொற்கள் யார் கையில் கிடைக்கின்றனவோ, பணமும் அவர்கள் கையில்தான். ஒருமுறை பேரேட்டில் ஏறிய பரிவர்த்தனையை எந்த வங்கி மேலாளராலும் திருப்ப முடியாது. எனவே நான்கு வழிகளையும் ஒரே கேள்வியை வைத்து அளந்தேன்: கையொப்பமிடும் நொடியில் சாவி எந்த இயந்திரத்துக்குள் இருக்கிறது, அந்த இயந்திரம் நாள் முழுவதும் வேறு என்ன செய்கிறது?

அன்றாடக் கணினியிலேயே

எலக்ட்ரம், ஸ்பேரோ, பிட்காயின் கோர் ஆகியவை நல்ல வாலட் மென்பொருள்கள், இலவசம், மூலநிரல் எல்லாருக்கும் திறந்தது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வாலட் கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டலாம். இந்தப் பூட்டின் மீதுதான் பலருக்கும் அளவுக்கு மீறிய நம்பிக்கை. கணினி திருடு போனால் அது உதவும். ஆனால் தீய நிரல் ஒன்று ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தால், நாம் கடவுச்சொல்லைத் தட்டும்போது அதுவும் கூடவே படித்துக்கொள்ளும். பூட்டைத் திறப்பது நாமே.

2011 ஜூனில், பிட்காயின் பிறந்து இரண்டரை ஆண்டுகூட ஆகாத நேரத்தில், ஒருவருடைய விண்டோஸ் கணினியிலிருந்து 25,000 பிட்காயின்கள் போயின. அறியாதவர்களுக்குத்தான் இப்படி ஆகும் என்று நினைத்துவிட வேண்டாம். பிட்காயின் கோர் மென்பொருளை எழுதுபவர்களில் ஒருவரான லூக் டாஷ்ஜரே, தன் 200க்கும் மேற்பட்ட பிட்காயின்கள் பறிபோனதாக 2023 புத்தாண்டு அன்று அறிவித்தார்.

எலக்ட்ரம் பயனாளர்களுக்கு 2018 டிசம்பரில் நேர்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த வாலட் தன்னார்வலர்கள் நடத்தும் சர்வர்களோடு பேசும். திருடர்கள் தாங்களும் சர்வர்களை வைத்து அந்த வலைப்பின்னலுக்குள் புகுந்தார்கள். ஒருவர் பணம் அனுப்ப முயலும்போது அந்த சர்வர் பரிவர்த்தனையை மறுத்துவிட்டு, 'பாதுகாப்புக்காகப் புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள்' என்ற செய்தியை அனுப்பியது. செய்தி தோன்றியது உண்மையான எலக்ட்ரமின் சாளரத்துக்குள்ளேயே. நம்பியவர்கள் இறக்கிய 'புதிய பதிப்பு' அவர்கள் சாவியைக் கொண்டுபோனது. மென்பொருளின் அந்தக் குறையைப் பின்னர் சரிசெய்தார்கள். ஆனால் இறக்கிய கோப்பு உண்மையான தயாரிப்பாளருடையதா என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பழக்கம் இருந்தவர்கள், அந்தத் திருத்தம் வருவதற்கு முன்பே தப்பித்திருப்பார்கள்.

இன்னொரு திருட்டுக்கு சாவியே தேவையில்லை. பணம் போய்ச் சேர வேண்டிய முகவரியை நாம் நகலெடுத்து ஒட்டும் இடைவெளியில் வேறொரு முகவரியாக மாற்றிவிடும் நிரல்கள் பல ஆண்டுகளாகச் சுற்றுகின்றன. பொதுவாகப் புழங்கும் முகவரி ஒன்றில் 42 எழுத்துகள். முதல் நான்கையும் கடைசி நான்கையும் பார்த்துவிட்டு அனுப்புகிறோம். அந்த எட்டு எழுத்துகளும் ஒத்துப்போகும்படி வேறு முகவரியை உருவாக்குவது, போதுமான கணிப்பு வலிமை உள்ளவருக்கு முடியாத காரியமில்லை. நானும் அவனும் ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்க்க, நந்நான்கு எழுத்துகளாக 42ஐயும் ஒருமுறை படித்தோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

என் தீர்ப்பு: சட்டைப் பையில் வைத்திருக்கும் அளவுத் தொகைக்கு இந்த வழி போதும். அதற்கு மேல் வேண்டாம். உலாவி நீட்சியாக வரும் வாலட்டுகளுக்கு அந்த அளவுகூட நான் ஒப்பமாட்டேன்.

பென்டிரைவிலிருந்து டெய்ல்ஸ்

டெய்ல்ஸ் என்பது பென்டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸ். 8 ஜிபி இடம் போதும். கணினியை அதிலிருந்து தொடங்கினால் உள்ளே இருக்கும் விண்டோஸ் விழிப்பதே இல்லை; அதில் ஒட்டியிருக்கும் தீய நிரலுக்கும் அதே கதிதான். எலக்ட்ரம் அதிலேயே சேர்ந்து வருகிறது. வாலட் கோப்பை மறையாக்கம் செய்த தனிப் பகுதியில் சேமித்துக்கொள்ளலாம்.

முதல் வழியைவிட இது எவ்வளவோ மேல். பென்டிரைவின் விலையைத் தவிர வேறு செலவில்லை. ஆனால் கையொப்பமிடும்போது இந்த இயந்திரமும் இணையத்தில்தான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. மேலும் எங்கள் சோதனையில் இது தோற்றது தொழில்நுட்பத்தால் அல்ல. ஒவ்வொரு முறையும் கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, தொடக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்தி, காத்திருக்க வேண்டும். மூன்றாவது வாரமே அவன், "இந்த ஒருமுறை மட்டும் விண்டோஸிலேயே திறந்துகொள்கிறேனே" என்றான். அந்த ஒருமுறையே போதும். பொறுமை உள்ளவர்களுக்கு, அதுவும் எப்போதாவது அனுப்புபவர்களுக்கு, இந்த வழி பொருந்தும்.

இணையமே காணாத பழைய லேப்டாப்

எனக்கு மிகவும் பிடித்தது இது. பரணில் கிடந்த பழைய லேப்டாப்பை எடுத்து, அடித்தகட்டைக் கழற்றி, வைஃபை அட்டையைப் பிடுங்கினேன். ஒரே ஒரு திருகாணி. அட்டையோடு கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஆன்டெனா கம்பிகள் பொத்தான்போல ஒட்டியிருந்தன. நகத்தால் நெம்பியதும் வந்துவிட்டன. அவற்றின் நுனி எதிலும் படாமல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். அமைப்புகளில் வைஃபையை அணைத்து வைப்பது வேறு, அட்டையே இல்லாமல் இருப்பது வேறு. வட்டை முழுவதுமாக அழித்து லினக்ஸைப் புதிதாக நிறுவினேன்.

சாவி இந்த லேப்டாப்பில் மட்டும். கூடத்துக் கணினியில் இருப்பது, தலைமைப் பொதுச்சாவியை (முகவரிகளை உருவாக்க மட்டும் உதவும், கையொப்பமிட முடியாத சாவி) மட்டும் கொண்டு இயங்கும் 'பார்வை வாலட்'. இருப்பைப் பார்க்கும், பணம் பெற முகவரி தரும், ஆனால் ஒரு பைசாவையும் செலவழிக்க அதனால் முடியாது. அனுப்ப வேண்டுமென்றால் கையொப்பமில்லாத பரிவர்த்தனையை அங்கே தயாரித்து, லேப்டாப்புக்கு எடுத்துச் சென்று, கையொப்பமிட்டு, திரும்பக் கொண்டுவந்து வலைப்பின்னலுக்கு அனுப்ப வேண்டும்.

எதில் எடுத்துச் செல்வது? அங்கேதான் நுணுக்கம். ஈரானின் நத்தான்ஸ் அணுநிலையத்துக் கணினிகள் இணையத்தோடு இணைக்கப்படாதவை. அவற்றைத் தாக்கி 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீய நிரல் யூஎஸ்பி வழியாகவும் பரவக்கூடியதாக இருந்தது. நம் வீட்டுக்கு அப்படிப்பட்ட எதிரி வரப்போவதில்லை என்றாலும், பென்டிரைவ் இரண்டு கரைகளையும் இணைக்கும் பாலம்தான். லேப்டாப்பின் கேமரா வேலை செய்தால் க்யூஆர் குறியாகக் காட்டிப் படிக்க வைப்பது நல்லது. திரையிலிருந்து கேமராவுக்கு ஒளி மட்டும் போகும்.

சொற்களை உருவாக்குவதற்கு லேப்டாப்பை மட்டும் நம்பவும் எனக்கு மனமில்லை. 2023இல் லிப்பிட்காயின் என்ற கருவியில் ஒரு குறை வெளிப்பட்டது. அது உருவாக்கிய சொற்களுக்குப் பின்னால் இருந்த தற்செயல் எண் வெறும் 32 பிட். அதாவது சுமார் 429 கோடி வாய்ப்புகள்தாம். ஒரு கணினி உட்கார்ந்து எண்ணி முடித்துவிடும். அதனால் தாயக்கட்டையை விட்டு, ஆறு முகப் பகடையை 50 முறை உருட்டி எண்களைக் குறித்தோம். ஒவ்வொரு உருட்டலும் சுமார் இரண்டரை பிட். 12 சொற்களுக்கு வேண்டிய 128 பிட் அதில் வந்துவிடுகிறது.

இந்த வழியின் குறை அதன் முதுமை. பழைய பேட்டரி உப்பும், பழைய வட்டு ஒருநாள் எழுந்திருக்காது. சொற்கள் தனியாகப் பத்திரமாக இருந்தால் அது இழப்பல்ல. ஆனால் வீட்டில் இதை இயக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், அவர் இல்லாத நாளில் என்ன ஆகும் என்ற கேள்விக்கு என் லேப்டாப்பிடம் பதில் இல்லை.

ஹார்டுவேர் வாலட்

இது சாவியைக் காப்பதற்கென்றே செய்த சிறு சாதனம். செக் நாட்டிலிருந்து 2014இல் வந்த ட்ரெஸர்தான் இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது. பிரான்சின் லெட்ஜர் இன்னொரு பெரிய பெயர். விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்குகிறது. சாவி சாதனத்துக்குள்ளேயே பிறந்து அங்கேயே இருக்கிறது. கணினிக்கு வருவது கையொப்பம் மட்டும். பழைய லேப்டாப் செய்யும் அதே வேலையைக் கட்டைவிரல் அளவில் செய்துவிடுகிறது.

இதன் உயிர் அந்தச் சிறிய திரையில் இருக்கிறது. கணினித் திரை பொய் சொல்லலாம். சாதனத்தின் திரையில் தெரியும் முகவரியையும் தொகையையும் படித்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். 2025 பிப்ரவரியில் பைபிட் பரிமாற்றகம் சுமார் 150 கோடி டாலரை இழந்தபோது, கையொப்பமிட்டவர்களிடம் ஹார்டுவேர் வாலட்டுகள் இருக்கத்தான் செய்தன. கணினியில் தெரிந்த பக்கம் திருத்தப்பட்டிருந்தது. கையிலிருந்த சாதனமோ பரிவர்த்தனையின் முழுப் பொருளையும் படிக்கும் வடிவில் காட்டவில்லை. சாதாரணப் பிட்காயின் பரிவர்த்தனையில் முகவரியும் தொகையும் தெளிவாகத் தெரியும் என்பதால் நம் நிலை அவர்களைவிட எளிது. படித்தால் போதும்.

உடல்ரீதியான தாக்குதலும் உண்டு. ட்ரெஸரின் அன்றைய இரு மாடல்களும் 15 நிமிடம் கையில் கிடைத்தால், மின்னழுத்தத்தைத் தடுமாற வைத்துச் சொற்களை வெளியே எடுக்க முடியும் என்று கிராக்கன் பரிமாற்றகத்தின் பாதுகாப்பு ஆய்வகம் 2020 ஜனவரியில் காட்டியது. சொற்களோடு கூடுதலாக ஒரு ரகசியத் தொடரைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு அந்தத் தாக்குதல் பலிக்காது. அந்தத் தொடரை மறந்தால் நமக்கும் எதுவும் பலிக்காது.

ஆனால் உண்மையில் அதிகம் பேரை வீழ்த்துவது சாதனத்தின் சில்லு அல்ல, அதைச் சுற்றியுள்ள பொய்கள். 2020இல் லெட்ஜரின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்தது. 2,70,000க்கும் மேற்பட்டோரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் வெளியாயின. அடுத்த ஆண்டே சிலருக்கு, 'பழையதை மாற்றிக்கொள்ளுங்கள்' என்ற கடிதத்தோடு போலிச் சாதனங்கள் தபாலில் வந்தன. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே போலி லெட்ஜர் செயலி ஒன்று இருந்து, அதில் சொற்களைத் தட்டியவர்கள் பணத்தை இழந்தார்கள். தயாரித்த நிறுவனத்திடமே நேரடியாக வாங்குங்கள். பெட்டிக்குள் ஏற்கெனவே சொற்கள் எழுதிய அட்டை இருந்தால் அது திருடனின் வாலட். கணினியின் விசைப்பலகையில் அந்தச் சொற்களைத் தட்டச் சொல்லும் செயலி, அது யார் பெயரில் வந்தாலும், திருடனுடையது.

என் மனம் பழைய லேப்டாப்பின் பக்கம் சாய்ந்தாலும், அவனுக்கு நான் சொன்னது ஹார்டுவேர் வாலட்டைத்தான். மனைவி, மகன் யாராலும் இயக்க முடியும். அவசரத்தில் குறுக்கு வழி தேடவும் தூண்டாது. மூன்று சாவிகளில் இரண்டு சேர்ந்தால்தான் திறக்கும் ஏற்பாடும் உண்டு. பெரும் தொகைக்கு அது நல்லதே. ஆனால் மீட்கும்போது மூன்றாவதன் பொதுச்சாவியும் கையில் இருக்க வேண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை. அவனுக்கு அது வேண்டாம் என்றேன்.

அந்தக் காகிதம்

எந்த வழியானாலும் கடைசியில் சொற்கள் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் வீட்டில் இருக்கும். படம் எடுத்து கைபேசியில் வைக்கக் கூடாது. சேமித்த படங்களுக்குள் இருக்கும் எழுத்தைப் படித்து இந்தச் சொற்களைத் தேடும் நிரல்களை 2025இல் ஆப்பிள், கூகுள் இரண்டின் செயலிக் கடைகளிலும் கண்டுபிடித்தார்கள். வேல்ஸின் நியூபோர்ட்டில் ஜேம்ஸ் ஹவல்ஸின் சுமார் 8,000 பிட்காயின்களுக்கான சாவி, 2013இல் வட்டோடு குப்பைக் கிடங்குக்குப் போனது. நம் வீடுகளில் அந்த வேலையைக் கரையானும் மழைக்கால ஈரமும் செய்யும். போகிக்கு முன் பரண் ஒதுக்குபவர் கண்ணில் பட்டால், என்னவென்றே தெரியாத ஆங்கிலச் சொற்கள் எழுதிய பழைய தாள் நேராக நெருப்புக்குத்தான் போகும்.

அவன் பாத்திரங்களில் பெயர் வெட்டுபவரிடம் கொடுக்கவில்லை; கொடுக்கவும் கூடாது. எழுத்து அச்சுகளும் சுத்தியலும் வாங்கி, எவர்சில்வர் தகட்டில் தானே அடித்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்துகள் போதும். பட்டியலில் உள்ள 2,048 சொற்களில் எந்த இரண்டுக்கும் முதல் நான்கும் ஒன்றாக இராது.

பிறகு ஆயிரம் ரூபாய் அளவுக்கு மட்டும் அனுப்பி, சாதனத்தை முழுவதுமாக அழித்துவிட்டு, தகட்டை மனைவியிடம் கொடுத்தான். அவர் மேசை விளக்கின் அடியில் தகட்டைச் சாய்த்துச் சாய்த்துப் படித்து, சாதனத்தின் பொத்தான்களால் ஒவ்வொரு சொல்லாக ஏற்றினார். ஏழாவதில் சாதனம் அப்படி ஒரு சொல்லே இல்லை என்றது. ஓர் எழுத்து ஆழமாகப் பதியாததால் வேறொன்றாகத் தெரிந்திருக்கிறது. அவன் அதை அப்போதே திரும்ப அடித்தான். பன்னிரண்டும் முடிந்ததும், நோட்டில் முன்பே குறித்திருந்த முதல் முகவரியையும் திரையில் வந்ததையும் அவர் நந்நான்கு எழுத்துகளாக உரக்க வாசித்தார். இரண்டும் ஒன்றே. மீதித் தொகையை அவன் அன்று இரவு அனுப்பினான்.