ஸ்டைவசன்ட்டா, பிராங்ஸ் சயின்ஸா, புரூக்ளின் டெக்கா?

நியூயார்க்கில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் இலையுதிர் காலம் வந்தால் இதே பேச்சுதான். சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளுக்கான விருப்பப் பட்டியலில் எதை முதலில் எழுதுவது? மூன்றுமே அரசுப் பள்ளிகள், கட்டணம் இல்லை. 1971-இல் வந்த மாநிலச் சட்டப்படி நுழைவுத் தேர்வு மதிப்பெண் வைத்தே இடம் தருகிறார்கள்.

ஸ்டைவசன்ட்டின் கட்ஆஃப்தான் வழக்கமாக மூன்றிலும் அதிகம். அதனாலேயே அதை முதலில் போட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணில் தெரிவது எவ்வளவு போட்டி என்பது மட்டுமே. உங்கள் பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று அது சொல்லாது.

1904-இல் கைத்தொழில் கற்றுத்தரும் ஆண்கள் பள்ளியாகத் தொடங்கியது ஸ்டைவசன்ட். பெண்களுக்கு 1969-இல்தான் கதவு திறந்தது, அதுவும் ஒரு மாணவி வழக்குப் போட்ட பிறகு. 1992 முதல் ஹட்சன் ஆற்றோரம் பத்து மாடிக் கட்டடம். உள்ளே எஸ்கலேட்டர், நீச்சல் குளம். பள்ளியை ஒட்டிச் சொந்த மைதானம் மட்டும் இல்லை. 2001 செப்டம்பர் 11 அன்று, உலக வர்த்தக மையத்துக்குச் சில தெருக்கள் தள்ளியிருந்த இந்தப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை வெளியேற்றினார்கள். அடுத்த சில வாரங்கள் அவர்கள் படித்தது புரூக்ளின் டெக் கட்டடத்தில். போட்டிப் பள்ளி என்கிறோம், இடம் கொடுத்தது அதுதான்.

பிராங்ஸ் சயின்ஸ் 1938-இல் பிறந்தது. இங்கே படித்த ஒன்பது பேர் நோபல் வாங்கியிருக்கிறார்கள், அதில் ஏழு பேர் இயற்பியலுக்கு. ஸ்டீவன் வைன்பெர்க்கும் ஷெல்டன் கிளாஷோவும் 1950-இல் ஒன்றாகப் படித்து முடித்தவர்கள். 1979 பரிசை அப்துஸ் சலாமுடன் பகிர்ந்துகொண்டார்கள். ஆராய்ச்சியில் ஆசை உள்ள பிள்ளைக்கு இதைத்தான் சொல்வேன். ஒரே குறை தூரம். குவீன்ஸ் பகுதியிலுள்ள ஃப்ளஷிங்கிலிருந்து ரயில் மாறிப் போனால் ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

என் மனம் சாய்வது புரூக்ளின் டெக் பக்கம். 1922-இல் தொடங்கிய பள்ளி, ஏறக்குறைய 6,000 மாணவர்கள், மூவாயிரம் பேர் உட்காரும் அரங்கம். விளையாட்டு அணிகளுக்குப் பெயரே 'என்ஜினியர்ஸ்'. மற்ற இரண்டிலும் இல்லாத ஒன்று இங்கே உண்டு: பதினோராம் வகுப்பில் கல்லூரி மாதிரி ஒரு சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டடக்கலை, இயந்திரவியல், விண்வெளிப் பொறியியல், சட்டம் என்று பல இருக்கின்றன. கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் பார்க்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் தெரியவில்லை. ஆனால் கூட்டம் அதிகம். கூச்ச சுபாவம் உள்ள குழந்தை முதல் வருடம் திணறலாம், அதை மறைத்துப் பேசக் கூடாது.

'டெக்கை முதலில் எழுதினால் மார்க் வீணாகிவிடுமே' என்று பயப்பட வேண்டாம். அதிக மதிப்பெண் எடுத்தவரிலிருந்து வரிசையாக வருவார்கள். பிள்ளையின் முறை வரும்போது, பட்டியலில் மேலிருந்து பார்த்து முதலில் இடமிருக்கும் பள்ளியைக் கொடுப்பார்கள். முதல் பள்ளி நிரம்பியிருந்தால், அதே மதிப்பெண்ணோடு இரண்டாவதை முதலாவதாக எழுதியவருக்கு இருக்கும் அதே வாய்ப்புதான் உங்கள் பிள்ளைக்கும். ஆகவே உண்மையான விருப்பத்தையே எழுதுங்கள். எழுதும் முன், பள்ளி நாள் ஒன்றில் காலை ஏழு மணிக்குப் பிள்ளையோடு அந்தப் பள்ளிக்கு ரயிலில் ஒருமுறை போய் வாருங்கள்.