பாசிக்குடாவில் முதல் டைவிங்: மணலில் இறங்குங்கள், கப்பலை விடுங்கள்

மட்டக்களப்புக்கு ஸ்கூபா டைவிங் என்று வருகிற பலர் எடுத்த எடுப்பில் கேட்பது ஹேர்மிஸ் கப்பலைத்தான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது, 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ‘ஓப்பன் வாட்டர்’ என்ற முதற்படி டைவிங் சான்றிதழ் எடுத்தவருக்கே எல்லை 18 மீட்டர், பயிற்றுநரின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் தடவை இறங்குகிறவருக்கு 12. ஆகவே முதல் நாளில் அந்தப் பேச்சே வேண்டாம்.

ஆனி மாதத்தில் தங்கச்சியின் மகனைக் கூட்டிக்கொண்டு பாசிக்குடாவுக்குப் போனேன். முதலில் விசாரித்த இடத்தில் நீந்தத் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. “பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பலுக்கே கொண்டுபோறம், வீடியோவும் எடுத்துத் தாறம்” என்றார்கள். ஹேர்மிஸ் மூழ்கிய அதே நாளில் மூழ்கிய எண்ணெய்க் கப்பல் அது. ஹேர்மிஸ் அளவுக்கு ஆழமில்லை, உண்மைதான், ஆனாலும் அடித்தளம் 20 மீட்டரைத் தாண்டும், சுற்றிலும் திறந்த கடல், துருப்பிடித்த இரும்பு. பதின்மூன்று வயதுப் பிள்ளையை அங்கே இறக்கச் சம்மதிக்கிற கடையை நான் நம்பமாட்டேன், திரும்பி வந்துவிட்டோம்.

அடுத்த கடையில் முதல் வேலையாக ஒரு படிவத்தை நீட்டினார்கள். ஆஸ்துமா இருக்கிறதா, காதில் ஏதாவது ஒப்பரேஷன் நடந்ததா, பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறீர்களா என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. பயிற்றுநர் கல்குடாப் பக்கத்துப் பொடியன், தகப்பன் கடற்றொழிலாளி. மருமகன் மூக்கை உறிஞ்சியதைப் பார்த்துவிட்டு, “தடிமனா தம்பி? அப்ப இண்டைக்கு வேணாம், சுகமானபிறகு வாங்க” என்று அனுப்பிவிட்டார். கையில் வந்த காசை வேண்டாம் என்று சொல்கிற கடை கிடைத்தால் அங்கேயே போங்கள். தடிமனோடு இறங்கினால் காதுக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள வழி அடைத்துக்கொள்ளும், காதுக்குள் அழுத்தத்தைச் சமப்படுத்த முடியாது, செவிப்பறை கிழியவும் கூடும்.

இதனால்தான் இடத்தைத் தேர்ந்தெடுப்பது பெரிய விஷயம் என்கிறேன். பத்து மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடுகிறது, காது படுத்துவது முதல் நாலைந்து மீட்டரில்தான். புதியவருக்குத் தேவை நினைத்த இடத்தில் நிற்கக்கூடிய, மேலிருந்தே அடி தெரிகிற, நீரோட்டம் இல்லாத மணல்தரை. பாசிக்குடாவில் வெளியே இருக்கிற முருகைக்கல் அலையை உடைத்துவிடுவதால் குடாவுக்குள் தண்ணீர் அடங்கிக் கிடக்கும், கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் நெஞ்சளவுதான். தடிமன் சுகமாகித் திரும்பப் போனபோது மருமகனை அங்கே முழங்காலில் இருத்தி, முகமூடிக்குள் வந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது, வாயிலிருந்து கழன்ற ரெகுலேட்டரை, அதாவது மூச்செடுக்கும் கருவியை, தேடி எடுத்து மறுபடி கடிப்பது எல்லாம் பழக்கினார்கள். மூச்சை மட்டும் ஒருபோதும் அடக்காதே என்று பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொன்னார், அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலுக்குள் இருக்கிற காற்று விரிந்து காயப்படுத்தும், அதற்குப் பெரிய ஆழமும் தேவையில்லை. அப்புறம் பைபர் போட்டில் குடாவின் விளிம்புக்குப் போய், நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி கொஞ்சம் இறங்கு, மூக்கைப் பொத்தி மெதுவாக ஊது, காது சரியா, இன்னும் கொஞ்சம் இறங்கு என்று கொண்டுபோனார்.

கீழே போனதும் மருமகன் சந்தோஷத்தில் பெருவிரலை உயர்த்திக் காட்டினான், பயிற்றுநர் உடனே அவனை மேலே கூட்டிப்போனார். தண்ணீருக்கடியில் அதற்கு அர்த்தம் ‘மேலே போகவேண்டும்’. ‘சரி’ என்று காட்டப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்க்கவேண்டும். கரையில் சொல்லித்தந்ததுதான், பிள்ளை மறந்துவிட்டான், ஆனால் கேள்வி கேட்காமல் மேலே கொண்டுவந்தது எனக்குப் பிடித்தது. இன்னொன்று, மீசை வைத்த ஆண்கள் கவனியுங்கள், அடர்ந்த மீசைக்குள்ளால் முகமூடிக்குள் நீர் கசிந்துகொண்டே இருக்கும்.

குறைகளும் இருக்கின்றன. குடாவுக்குள் முருகைக்கல் பெரும்பாலும் உடைசல்தான், 1998இல் கடல் சூடேறி வெளிறிச் செத்தது நிறைய, மீனும் அவ்வளவாக இல்லை. பத்துப் பேர் ஒன்றாக இறங்கினால் மணல் கலங்கி ஒன்றும் தெரியாது, காலையில் முதல் போட்டைக் கேளுங்கள். வெட்சூட் என்கிற டைவிங் உடுப்பின் அளவுகளும் குறைவு, மருமகனுக்குக் கிடைத்தது தொளதொளவென்று இருந்தது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், அந்த நான்கும் பாதுகாப்புக்காக.

மீன் பார்க்கவேண்டுமானால் இரண்டாம் தடவை காயங்கேணிக்குப் போங்கள். வாழைச்சேனையிலிருந்து வாகரைப் பக்கம் போகும் வழியில் இருக்கிறது, 2019இல் கடல் சரணாலயமாக அறிவித்தார்கள். முருகைக்கல் உயிரோடு இருக்கிறது, கிளிமீன் கல்லைக் கொறிக்கிற சத்தமே கேட்கும். ஆழம் குறைவு, ஆனால் உடம்பைச் சமநிலையில் வைக்கத் தெரியாமல் போனால் காலில் மாட்டிய துடுப்புப் பட்டு முருகைக்கல் நொறுங்கும், அதனால்தான் இரண்டாம் தடவை என்கிறேன். அறுகம்பை அம்பாறைக்காரருக்குக் கிட்டத்தான், ஆனால் அது அலைச்சறுக்கு ஆட்களுக்கான கடல், டைவிங் பழக அங்கே போகாதீர்கள்.

சித்திரையிலிருந்து புரட்டாசி வரை போகலாம். வாடை தொடங்கினால் இந்தப் பக்கக் கடல் யாருக்கும் அடங்காது, அந்த நேரத்தில் “போகலாம் வாங்க” என்று கூப்பிட்டாலும் போகவேண்டாம். சொறிமுட்டை வருகிற காலமா என்று கரையில் வலை காயவைக்கிறவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

டைவிங் முடித்த கையோடு செங்கலடி வழியாகப் பதுளைக்கோ நுவரெலியாவுக்கோ வான் பிடித்து ஏறிவிடாதீர்கள். மலை ஏறுவதும் விமானம் ஏறுவது மாதிரித்தான், உயரத்தில் அழுத்தம் குறையும், அதற்கு முன் டைவிங்கில் இரத்தத்தில் கரைந்த நைதரசன் வெளியேற நேரம் வேண்டும். ஒரு தடவை இறங்கியிருந்தால் 12 மணித்தியாலம், பல தடவை என்றால் 18, அதுவரை கரையிலேயே தங்குங்கள்.