தன்னார்வத் தீயணைப்புப் படையா, சம்பளப் படையா?

எங்கள் ஊருக்கு எது ஏற்றது என்று தயங்குவோர் முதலில் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

தொடக்கம்: 1736-இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் அமைத்த யூனியன் தீயணைப்புக் குழுவினர், தண்ணீருக்குத் தோல் வாளிகளும் சாமான்களை அள்ளி வெளியேற்றச் சாக்குகளும் கூடைகளும் ஆளுக்கு ஆள் தயாராக வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் முழுச் சம்பளப் படை பின்னால்தான் வந்தது: 1853-இல் சின்சினாட்டியில், நீராவிப் பம்புடன். கைப்பம்பை அடிக்கப் பல தோள்கள் வேண்டும். நீராவி வந்ததும் சிலரே போதும் என்றாயிற்று.

செலவு: தன்னார்வலருக்குக் கருவியும் பயிற்சியும். மற்றதில் சம்பளமே பெரும்பங்கு.

வேகம்: சம்பளப் படை நிலையத்திலேயே காத்திருக்கிறது. தன்னார்வலர் வீட்டிலிருந்து ஓடி வர வேண்டும். பகலில் பலர் வெளியூர் வேலையில் இருப்பார்கள். இதை லேசாக எண்ணக் கூடாது.

நிலைப்பு: தன்னார்வம் நீடிக்காது என்பதை நான் ஏற்கவில்லை. வால்பரைசோவில் 1851-இல் தொடங்கிய மரபில், சிலி நாட்டில் இன்றும் தன்னார்வலர்களே தீயணைக்கிறார்கள்.

அடுக்குமாடிகளும் ஆலைகளும் நெருங்கிய நகரத்துக்குச் சம்பளப் படை. தீ விபத்து அரிதான சிற்றூருக்குத் தன்னார்வப் படை. பகல் நேரத்துக்கு மட்டும் இரண்டு மூன்று பேரைச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள்.