சென்டர் டிஃப் (நடு டிஃபரன்ஷியல்) இருக்கு என்று சொல்லி பசை போட்டு இறுக்கியதை விற்றுவிட்டார்கள். பழைய ஆர்சி கார் (ரிமோட்டில் ஓடும் சின்ன கார்) வாங்குகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

வண்டியைப் பிரித்துப் போட்ட மேஜையிலிருந்தே எழுதுகிறேன். அரை மாதச் சம்பளம் போய்விட்டது. பணத்தைவிட, நம்ப வைத்துக் கழுத்தறுத்த விதம்தான் வயிறெரிகிறது.

பழைய சாமான்களை விற்று வாங்கும் ஒரு ஆன்லைன் தளம். பெயர் வேண்டாம். 1/8 அளவு ஆஃப்-ரோடு பக்கி, நாலு சக்கரத்துக்கும் இழுவை, பிரஷ்லெஸ் மோட்டார். "மூணு டிஃப்பும் பக்கா. சென்டர் டிஃப்ல புது ஆயில்" என்று விற்றவர் விளம்பரத்திலேயே போட்டிருந்தார். டிஃப் என்பது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுப்பு. முன்னே ஒன்று, பின்னே ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. எனக்குத் தேவையும் அதுதான். நான் ஓட்டுவது உதிரி மண்ணில் மட்டுமல்ல, பிடிப்புள்ள கெட்டித் தரையிலும்தான். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடும், அதிக தூரம் ஓடும். அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுப்பது நடுவில் இருக்கும் டிஃப். டைரக்ட் டிரைவில், அதாவது நடு டிஃப் இல்லாமல் நேராக இணைத்திருந்தால், முன்னும் பின்னும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். உதிரி மண்ணில் டயர் வழுக்கி அதைச் சமாளித்துவிடும். பிடிப்புள்ள தரையில் அந்த முறுக்கு முழுவதும் கியரிலும் ஷாஃப்டிலும் போய் உட்காரும்.

அதனால் பணம் அனுப்பும் முன் நேராகவே கேட்டேன்: "சென்டரை லாக் பண்ணியிருக்கீங்களா?"

"சேச்சே, இல்ல ப்ரோ. வீடியோ அனுப்புறேன், நீங்களே பாருங்க."

வீடியோவும் வந்தது. வண்டியைத் தூக்கிப் பிடித்து முன் சக்கரம் ஒன்றைச் சுற்றுகிறார், மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றுகிறது. "டிஃப் எவ்ளோ ஸ்மூத் பாருங்க. நாமெல்லாம் ஒரே ஹாபி, உங்களைப் போய் ஏமாத்துவேனா?" அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் முழுப் பணத்தையும் அனுப்பினேன். அவர் காட்டியது முன் டிஃப்பை. நடு டிஃப்பைப் பற்றி அந்த வீடியோவில் ஒன்றுமே இல்லை. கேட்ட கேள்வி சென்டரைப் பற்றி, காட்டிய பதில் வேறொன்றைப் பற்றி. தெரிந்தே செய்த வேலை.

வண்டி வந்து தரையில் இறங்கியதுமே சந்தேகம் தட்டியது. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தாலும் திரும்பாமல் அகலமாகத் தள்ளிக்கொண்டே போகிறது. மோட்டார் தொட முடியாத சூடு. பிறகு ஒரு ஜம்ப்பில் இறங்கிய வேகத்தில் பின் ரிங் கியரின் (பின் டிஃப்பைச் சுற்றும் பெரிய பல்சக்கரம்) பற்கள் உதிர்ந்தன. நடு டிஃப்பைக் கழற்றினால் ஒரு சொட்டு ஆயில் இல்லை. உள்ளே இருக்கும் கியர்கள் எல்லாவற்றையும் எபாக்ஸி ஊற்றி இறுக்கி வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அசல் டிஃப் மாதிரியே இருக்கும்.

டைரக்ட் டிரைவ் மட்டம் என்று நான் சொல்லவில்லை. நிறைய 1/10 பக்கிகளில் சென்டர் டிஃப் கிடையாது. ஆனால் அங்கே ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கும், அடி விழும்போது அது வழுக்கி கியரைக் காப்பாற்றும். வீலி தூக்க (முன் சக்கரங்களை அந்தரத்தில் தூக்கி ஓட்ட) ஆசைப்பட்டு சென்டரை இறுக்குகிறவர்களும் உண்டு, தெரிந்து செய்கிறார்கள், அது அவர்கள் விருப்பம். என் வண்டியில் ஸ்லிப்பரும் இல்லை, டிஃப்பும் இல்லை. அந்த அடியெல்லாம் வேறு எங்கே போகும்?

விற்றவரின் பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு ரகம். முதலில் "ஆயில் கெட்டியா போட்டிருக்கேன், ஓட ஓட இளகும்." படம் அனுப்பியதும் "எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் பண்ணியிருப்பார்." அப்படியானால் புது ஆயிலை எதில் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். "உங்களுக்கு ஓட்டத் தெரியல ப்ரோ." அதோடு பிளாக்.

தளத்தின் உதவி மையம் இன்னும் மோசம். ஒவ்வொரு முறையும் வேறு ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியில் "பொருளைப் பிரித்துவிட்டீர்கள், திரும்பப் பெற முடியாது" என்று ஒரே வரி. பிரிக்காமல் உள்ளே பசை இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை, புகாரை மூடிவிட்டார்கள். அரை மாதச் சம்பளம். ரிங் கியருக்கும் புது சென்டர் டிஃப்புக்கும் இனி தனிச் செலவு.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றச் சொல்லி, ஸ்பர் கியரை (மோட்டார் சுற்றும், நடு டிஃப்பில் இருக்கும் பெரிய பல்சக்கரம்) விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, முன் சக்கரம் இரண்டையும் சேர்த்து முன்பக்கம் சுற்றச் சொல்லுங்கள். பின் சக்கரங்கள் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். கெட்டி ஆயில் என்றால் மெதுவாகச் சுற்றும், ஆனால் சுற்றும். அசையவே இல்லை என்றால் சென்டர் இறுகிக் கிடக்கிறது. ஒரே ஒரு சக்கரத்தைச் சுற்றிக் காட்டும் வீடியோவை ஏற்காதீர்கள். பார்சலைப் பிரிப்பதிலிருந்து டிஃப் மூடியைக் கழற்றும் வரை விடாமல் வீடியோ எடுங்கள். பேச்செல்லாம் தளத்தின் சாட்டிலேயே இருக்கட்டும், போனுக்கு மாறச் சொன்னால் மாறாதீர்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே அனுப்பாதீர்கள்.