டொராண்டோ ஸ்ட்ரீட்கார்: வழிகாட்டியோடு போவதா, நாமே ஏறிச் சுற்றுவதா?

மாமனாரும் மாமியாரும் இந்தக் கோடைக்கு டொராண்டோ வருகிறார்கள். மாமனார் மின்வாரியத்தில் இருந்தவர். ஊரைச் சுற்றிக் காட்டுவது பற்றிப் பேச்சு வந்ததும், "அந்த டிராம் வண்டி எப்படி ஓடுதுன்னு பார்க்கணும்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். 2019 கோடையில் அப்பா வந்திருந்தபோதும் எனக்கு இதே கேள்விதான். அப்பா திருச்சி கோட்டத்தில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். சி.என். டவரையும் நயாகராவையும் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னவர், குயின் ஸ்ட்ரீட் வளைவில் ஸ்ட்ரீட்கார் (இந்த ஊரில் டிராமுக்கு அதுதான் பெயர்) சக்கரம் கிறீச்சிட்டதைக் கேட்டதும் நடையை நிறுத்திவிட்டார். அவருக்காக நான் மூன்று வழிகளையும் முயன்று பார்த்தேன்: நாங்களாகவே ஏறிச் சுற்றியது, ஊருக்கு வெளியே இருக்கும் அருங்காட்சியகம், வழிகாட்டியோடு ஒரு குழுவாகப் போன சுற்றுலா.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு வழிகாட்டிக்குத்தான். மாடி பஸ்ஸில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போகும் சுற்றுலாவை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது ஊரைக் காட்டும், ஊர் எப்படி ஓடுகிறது என்பதைக் காட்டாது.

செலவில் யார் ஜெயிப்பார்கள் என்பது தெரிந்ததுதான். பிரெஸ்டோ என்ற பயண அட்டையைத் தட்டினால் பெரியவருக்கு 3 டாலர் 30 சென்ட், 12 வயது வரை இலவசம். தட்டியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம், வந்த வழியே திரும்பியும் போகலாம். 2018இல் வந்த இந்த வசதி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காகவே செய்தது போல இருக்கும். வழிகாட்டிக்கு ஆளுக்கு ஒரு நல்ல ஓட்டல் சாப்பாட்டுக்கான பணம் போனது.

அப்பாவும் நானும் முதலில் தனியாகத்தான் கிளம்பினோம். ஸ்பாடைனா ஸ்டேஷனில் தரைக்கு அடியிலேயே 510ஆம் தடத்து வண்டி வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தோம். சாலை நடுவில் தனிப்பாதை, இரண்டு பக்கமும் சைனாடவுன் கடைகள், நல்ல வெயில். 30 மீட்டர் நீளமுள்ள புது வண்டி அது, ஐந்து துண்டுகளாகக் கோத்தது, படி ஏறாமல் அப்படியே உள்ளே நடந்து போகலாம். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு என்பதால் அதுவே பெரிய நிம்மதி. ஆனால் ஒவ்வொரு பெரிய சந்திப்புக்கு முன்னாலும் வண்டி ஒரு நொடி நின்று, பிறகு ஊர்ந்து போனது. சிக்னல் பச்சையாக இருந்தபோதும் அப்படித்தான். "ஏன்ப்பா நிக்கிறான்?" என்று அப்பா மூன்று தடவை கேட்டார். பத்து வருடமாக அதே வண்டியில் வேலைக்குப் போகிற எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தப் பயணத்தில் ஒரு குறையும் இல்லை. அழகான மாலை, ஏரிக்கரை வரை போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்பினோம். உங்கள் விருந்தாளிக்கு ஊரைப் பார்த்தால் போதும் என்றால், மேற்கொண்டு படிக்காமல் பிரெஸ்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். ஒன்று மட்டும் கவனம்: ஒன்டாரியோ லைன் சுரங்க ரயில் வேலைக்காக 2023 மே மாதம் யங் ஸ்ட்ரீட் அருகே குயின் ஸ்ட்ரீட்டை மூடிவிட்டார்கள். அதனால் ஊருக்குப் புதியவரை குயின் ஸ்ட்ரீட் தடமான 501இல் தனியாக அனுப்புவதற்கு முன் அன்றைய மாற்றுவழியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அருங்காட்சியகம் என்பது ஹால்டன் கவுண்டி ரேடியல் ரயில்வே. மில்டனுக்கு வடக்கே, ராக்வுட் பக்கம் காட்டுக்குள் இருக்கிறது. 1326 என்ற பழைய வண்டியைக் காயலான் கடைக்குப் போகவிடாமல் காப்பாற்றிய சிலர் 1950களில் தொடங்கியது. அந்தக் காலத்து மரப் பெட்டிகளில் நம்மை ஏற்றி மரங்களுக்கு நடுவே ஓட்டிக் காட்டுகிறார்கள். ஓட்டுகிறவர்கள் தன்னார்வலர்கள், எதைக் கேட்டாலும் ஆசையாகச் சொல்கிறார்கள். ஆனால் அங்கே பஸ் போகாது, கார் வேண்டும். நான் ஒரே ஒரு முறை, அதுவும் குளிரத் தொடங்கிய அக்டோபரில் போனேன், அதனால் கோடைக் கூட்டத்தில் எப்படி இருக்கும் என்பதை என்னை வைத்து எடைபோட வேண்டாம். வண்டிகளைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கே வண்டி இருக்கிறது, நகரம் இல்லை. நெரிசல், சிக்னல், நடுத்தெருவில் தோண்டிய பள்ளம், அவசரமாக ஓடிவந்து ஏறுகிற பயணி, இதெல்லாம் சேர்ந்ததைத்தான் அப்பா பார்க்க வேண்டும் என்று நான் நினைத்தேன்.

சரி, வழிகாட்டிக்கு வருவோம். பன்னிரண்டு பேர் கொண்ட குழு. வழிகாட்டி முன்பு ஓட்டுநராக இருந்தவர். தனி வண்டியெல்லாம் கிடையாது, எல்லாரும் ஏறுகிற அதே ஸ்ட்ரீட்கார்தான். நாங்கள் முன்பே ஏறிய 510இல்தான் கிளம்பினோம். இதற்கா பணம் கொடுத்தோம் என்று முதல் பத்து நிமிடம் எனக்கே தோன்றியது. வண்டிக்குள் சத்தத்தில் அவர் பேசியது பாதிதான் காதில் விழுந்தது, அதையும் நான் அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு ஸ்பாடைனாவும் கிங்கும் சந்திக்கும் இடத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டார்.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. தண்டவாளம் நம் காலுக்குக் கீழே இருக்கிறது, மின்கம்பி தலைக்கு மேலே இருக்கிறது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டுமே தெரியாது, கடைகள்தான் தெரியும். தனியாகச் சுற்றுகிறவர்கள் வண்டிக்குள்ளேயே இருந்துவிடுகிறோம். இறங்கலாம்தான், இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது, ஆனால் எந்த முனையில் இறங்கி எதைப் பார்ப்பது? அந்தச் சந்திப்பைப் பத்து வருடமாகக் கடந்து போயிருக்கிறேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

அதைக் கிராண்ட் யூனியன் என்கிறார்கள். நான்கு திசையிலிருந்து வரும் வண்டியும் நேராகப் போகலாம், இடது திரும்பலாம், வலது திரும்பலாம். அத்தனைக்கும் தனித்தனி வளைவுகள், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, கோலத்துச் சிக்கு போல தெரு முழுக்கக் கிடக்கின்றன. சிக்னல் விழுந்து கார்கள் நின்றதும் அப்பா நடைபாதை விளிம்பில் குந்தி உட்கார்ந்துவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது பாயிண்டை, அதாவது வண்டி ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பிரியும் இடத்தை. கொஞ்ச நேரம் கழித்து, "இதுல ஒத்தை டங்தானே இருக்கு?" என்றார். நம் ரயில்வேயில் பாயிண்ட் என்றால் இரண்டு பக்கமும் டங் ரயில், அதாவது சக்கரத்தைத் திருப்பிவிடும் கூரான தண்டவாளத் துண்டு, அசையும். இங்கே ஒரு பக்கம் மட்டும்தான் அசைகிறது, மறுபக்கம் அசையாத வார்ப்பு இரும்பு, சக்கரம் அதன் மேல் உருண்டு தானாகப் போகிறது. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் வழிகாட்டி அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதன் பிறகு அவர் பெரும்பாலும் அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார்.

வண்டி ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கும் அங்கேதான் பதில் கிடைத்தது. பாயிண்ட் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதை ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அப்புறம் அந்தச் சந்திப்பை மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் கடக்கலாம். மின்சாரத்தில் நகராத பாயிண்டாக இருந்தால் ஓட்டுநரே இறங்கி, நீளமான கடப்பாரை போன்ற இரும்புக் கம்பியால் நெம்பி மாற்றுவார். புது வண்டிகளைக் கடையில் இருக்கிற மாதிரி அப்படியே வாங்க முடியாமல் போனதற்கும் இந்த ஒற்றை டங்கும் நெருக்கமான வளைவுகளும்தான் காரணம். கேஜும், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள அகலமும், சேர்த்தி. உலகத்தில் பெரும்பாலான ஊர்களில் 1435 மில்லிமீட்டர், இங்கே 1495. 1861இல் குதிரை இழுக்கும் டிராம் வந்தபோது, ஊரில் ஓடிய குதிரை வண்டிகளின் சக்கரமும் அதே தண்டவாளத்தில் ஓட வேண்டும் என்று போட்ட ஏற்பாட்டின் மிச்சம் அது. அந்த 60 மில்லிமீட்டரை இந்த ஊர் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

கிங் ஸ்ட்ரீட்டில் கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிப்போனார். 2017 நவம்பரில் பாதர்ஸ்டிலிருந்து ஜார்விஸ் வரை 2.6 கிலோமீட்டருக்குக் கார்களை நேராகப் போகவிடாமல் பெரும்பாலான சந்திப்புகளில் வலது பக்கம் திருப்பிவிட்டார்கள். ஸ்ட்ரீட்காருக்கு வழி கிடைத்தது. 2019இல் அதையே நிரந்தரமாக்கினார்கள். போகிற வழியில் ஓரிடத்தில் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். இதை நான் தனியாக வந்திருந்தால் சுற்றிக்கொண்டு போயிருப்பேன். அவர் அந்தப் பள்ளத்தின் தடுப்பு ஓரத்தில் எங்களை நிறுத்தினார். ஜல்லி இல்லை. அடியில் கான்கிரீட் படுகை, அதன் மேல் இரும்பு ஸ்லீப்பர், தண்டவாளத்துக்குக் கருப்பு ரப்பர் உறை, மேலே மறுபடி கான்கிரீட். அதிர்வு பக்கத்துக் கட்டடங்களுக்குப் போகாமல் இருக்க ரப்பர். தண்டவாளம் தேய்ந்தால் மேல் கான்கிரீட்டை மட்டும் உடைத்து மாற்றுவார்கள், அடிப்படுகை அப்படியே இருக்கும். "ஜல்லி இடிக்கிற வேலையே கிடையாதா?" என்றார் அப்பா. கேங்மேன்களோடு முப்பது வருடம் வெயிலில் நின்றவர் கேட்ட கேள்வி அது. எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்து பிராட்வியூ வரை வண்டி. அங்கிருந்து நடந்து டான் பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் பிரின்ஸ் எட்வர்ட் வயடக்ட். 1918இல் பாலம் திறந்தபோதே, வரப்போகிற ரயிலுக்கென்று கீழ்த்தளம் ஒன்றை வைத்துக் கட்டிவிட்டார்கள். அந்த ரயில் வந்தது 1966இல். பாலம் கட்டிய காலத்தில் நகரப் பொதுப்பணிகளைக் கவனித்தவர் ஆர். சி. ஹாரிஸ். 501இன் கிழக்குக் கோடியான நெவில் பார்க்கில் இறங்கினால் அவர் பெயரில் இருக்கும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம், 1941இல் திறந்தது, ஏரிக்கரையில் அரண்மனை போல நிற்கிறது. பாலத்தையும் அவரையும் இந்த நிலையத்தையும் ஒரே கோட்டில் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியிருக்காது.

நெவில் பார்க் திருப்பத்தில் பழைய வண்டி ஒன்று நின்றிருந்தது, மின்கம்பியைத் தொடுகிற, பின்னால் கயிறு தொங்கும் டிராலிக் கம்போடு. அந்த வகை வண்டிகளுக்கு அதுதான் கடைசி வருடம், 2019 டிசம்பர் 29 அன்று நிறுத்திவிட்டார்கள். சென்னையில் 1953 வரை டிராம் ஓடியது, தாத்தா அதில் போயிருக்கிறார். அந்தக் கம்பைப் பார்த்ததும் அப்பா தாத்தாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். திரும்பி வரும் வழி முழுக்க அதுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்றரை மணி நேரம், நடை அதிகம், முழங்கால் வலிக்காரர்களுக்கு நடுவில் உட்கார இடம் கிடைப்பது பாடு. கூட்டமான வண்டி வந்தால் பன்னிரண்டு பேரும் ஏற முடியாது, இரண்டு வண்டிகளை விட்டுவிட்டோம். எல்லாம் ஆங்கிலத்தில்தான். அதைவிட முக்கியம், எல்லாமே வழிகாட்டியைப் பொறுத்தது. நான் போனது ஒரே ஒரு முறை, ஒரே ஒருவரோடு. வேலை பார்த்த அனுபவம் இல்லாமல் கட்டடங்களின் கதையை மட்டும் ஒப்பிக்கிற ஒருவர் வாய்த்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பதிவு செய்வதற்கு முன் வழிகாட்டி என்ன வேலை பார்த்தவர், எங்கெல்லாம் இறங்குவார்கள் என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். இறங்கும் இடங்கள் நான்குக்குக் குறைவு என்றால் நாமே பிரெஸ்டோவைத் தட்டிக்கொண்டு போவது மேல்.

சின்னக் குழந்தைகள் இருந்தால் நான் அருங்காட்சியகத்துக்குத்தான் போவேன். மாமனாருக்கு வழிகாட்டி. மாமியாருக்குத் தண்டவாளத்தில் ஆர்வம் இல்லை, அவரை ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டிகள் காலியாக ஓடும் நேரத்தில், 510இல் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். ஸ்பாடைனா-கிங் முனையில் பத்து நிமிடம் இறங்கி நிற்கப் போகிறோம், அதையும் சொல்லிவிட்டேன்.