லூக்கா குன்றுகளின் பரம்பரை மாளிகையில் தங்கப் பணம் கட்டுவதற்கு முன்: ஓர் எச்சரிக்கைப் பதிவு

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் ஏதேனும் ஒரு பரம்பரை மாளிகையில் தங்கலாம் என்ற எண்ணத்தில் இருப்பவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. லூக்கா நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில், பட்டு வணிகத்தில் பொருள் ஈட்டிய குடும்பங்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் கட்டிக்கொண்ட கோடை மாளிகைகள் பல இன்றும் நிற்கின்றன. சிலவற்றை நுழைவுச்சீட்டு வாங்கிச் சுற்றிப் பார்க்கலாம். வேறு சிலவற்றில் உரிமையாளர் குடும்பமே குடியிருந்துகொண்டு, ஒரு பகுதியை வாடகைக்கு விடுகிறது. இந்த இரண்டாம் வகை வீடு ஒன்றில், ஊரிலிருந்து வந்திருந்த என் பெற்றோருடன் 2025 ஏப்ரல் முதல் வாரத்தில் தங்கினோம். வீட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. வீடு பழையது, சட்டம் இடம் தரவில்லை என்ற இரண்டு பதில்களைக் கொண்டே அவர்கள் எங்கள் எல்லாக் கேள்விகளையும் சமாளித்தார்கள். அந்தப் பதில்களில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

விளம்பரத்தில் இருந்த படங்கள் அனைத்தும் உண்மையானவை. சுவரோவியங்கள் நிறைந்த பெரிய கூடமும், குளிர்காலத்தில் தொட்டி எலுமிச்சை மரங்களை உள்ளே வைத்துக் காக்கும் கண்ணாடிச் சாளரக் கட்டடமும், சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கும் நடைபாதையும் படத்தில் கண்டபடியே அங்கே இருந்தன. எங்களுக்குக் கொடுக்கப்பட்டதோ மாளிகைக்குப் பின்னால், ஒரு காலத்தில் பண்ணைக் கணக்கைப் பார்த்தவர் குடியிருந்த சிறிய வீடு. கல்யாண மண்டபத்தைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு, சமையற்கட்டுக்குப் பின்னால் பாய் விரித்துக் கொடுத்தது போல் இருந்தது. கேட்டதற்கு, எல்லாம் ஒரே குடும்பத்தின் ஒரே எஸ்டேட்தான் என்றும், கூடம் திருமண விழாக்களுக்கு மட்டுமே திறக்கப்படும் என்றும் உரிமையாளரான அம்மையார் பதில் சொன்னார்.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். டஸ்கனியின் பெருநிலங்களில் மாளிகையோடு சேர்த்துத் தேவாலயம், எண்ணெய் ஆட்டும் இடம், களஞ்சியம், விளைச்சலைப் பாதிக்குப் பாதி பகிர்ந்துகொண்ட வாரக்குடியானவர்களின் கல்வீடுகள் எனப் பல கட்டடங்கள் இருந்தன. புதிய வாரக்குத்தகை ஒப்பந்தங்களை 1964ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்தது. குடியானவர்கள் நகரங்களுக்குப் போன பின் காலியாகக் கிடந்த அவ்வீடுகளில் பலவற்றைத்தான் இன்று விருந்தினர் இல்லங்களாக மாற்றியிருக்கிறார்கள். அவற்றில் தங்குவதில் குறை எதுவும் இல்லை. சொல்லப்போனால், மாளிகையைவிட அவையே வசதியாக இருப்பதும் உண்டு. மாளிகையின் படத்தைப் போட்டு, மாளிகைக்குரிய விலையை வாங்கிக்கொண்டு, கணக்கர் வீட்டைத் தருவதைத்தான் ஏமாற்று என்கிறேன்.

அடுத்தது குளிர். அந்தக் குன்றுகளில் ஏப்ரல் தொடக்கத்து இரவு நன்றாகவே குளிரும். கனத்த கற்சுவர் பகலில் வாங்கும் வெயிலும் வீட்டுக்குள் எட்டுவதில்லை. ரேடியேட்டர்கள் சில்லென்றிருந்தன. மார்ச் மாதத்தோடு சூடேற்றும் காலம் முடிந்துவிட்டது, இனி அதை இயக்கினால் அபராதம் என்று அம்மையார் கைவிரித்துவிட்டார். இது பொய். இத்தாலியில் ஊர்கள் தட்பவெப்பத்தைப் பொறுத்து ஏ முதல் எஃப் வரை ஆறு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. லூக்கா, ஃபுளோரன்ஸ், ரோம் ஆகியவை டி மண்டலத்தைச் சேர்ந்தவை. 2013ஆம் ஆண்டின் அரசாணைப்படி இம்மண்டலத்தில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை நாளொன்றுக்கு 12 மணி நேரம் சூடேற்றலாம். அறை வெப்பநிலை 20 டிகிரி, அதற்கு மேல் 2 டிகிரி வரை சலுகை. தேதி கடந்த பிறகும், குளிர் நீடித்தால் அந்த நேரத்தில் பாதியளவுக்கு இயக்க அதே ஆணை இடம் தருகிறது. எரிவாயு நெருக்கடி நிலவிய 2022-23 குளிர்காலத்தில் மட்டும் இக்காலத்தைச் சுருக்கினார்கள். அப்போதும்கூட டி மண்டலத்துக்கு ஏப்ரல் 7 வரை அனுமதி இருந்தது. உண்மையான காரணம் தோட்டத்து மூலையில் இருந்த எரிவாயுத் தொட்டி என்றே நினைக்கிறேன். குழாய் எரிவாயு எட்டாத கிராமப்புறத்தில் லாரியில் வரவழைத்து நிரப்ப வேண்டிய அந்த வாயு விலை கூடியது.

அம்மா இரவெல்லாம் சால்வைக்கு மேல் சால்வை போர்த்தியும் நடுங்கியதைப் பார்த்து மறுபடியும் போய் வற்புறுத்தியபோது, மின்சாரத்தில் இயங்கும் எண்ணெய் ஹீட்டர்கள் இரண்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டாலே மீட்டர் துண்டித்துக்கொண்டது. மீட்டரோ வெளிவாயிலுக்கு அருகில், இருட்டில் கையில் விளக்கோடு நடக்க வேண்டிய தொலைவில் இருந்தது. பழைய வீட்டின் மின்கம்பிகள் அப்படித்தான் என்று அதற்கும் பழமையையே காரணமாகச் சொன்னார்கள். இத்தாலியில் வீட்டு இணைப்புக்கு வழக்கமாக வாங்கப்படும் மின்திறன் 3 கிலோவாட். தலா 2 கிலோவாட் இழுக்கும் ஹீட்டர்கள் இரண்டை அது தாங்காது. விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் அந்த அளவை உயர்த்திக்கொள்ளலாம். விருந்தினருக்கு வாடகைக்கு விடும் வீட்டில் அதைச் செய்யாமல் விட்டது சிக்கனமே அன்றி, வரலாற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வெந்நீர் பாதிக் குளியலில் நின்றுபோவதற்கும், மெத்தை நடுவில் குழிந்திருப்பதற்கும்கூட, தொல்பொருட் காப்புத் துறை அனுமதி தருவதில்லை என்று பதில் வந்தது. 2004ஆம் ஆண்டின் பண்பாட்டு மரபுச் சட்டத்தொகுப்பின்படி, பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் மாற்றம் செய்ய அத்துறையின் முன் அனுமதி வேண்டும் என்பது உண்மைதான். மின்தூக்கியோ குளிர்சாதனக் கருவியோ இல்லாததற்கு அதைக் காரணமாகச் சொன்னால் ஏற்கலாம். மெத்தையை மாற்ற எந்தத் துறையின் அனுமதியும் தேவையில்லை.

பணத்தைப் பொறுத்தவரை மூன்று அறிகுறிகளைப் பின்வருவோர் கவனிக்க வேண்டுகிறேன். இத்தாலியில் விருந்தினரைத் தங்கவைப்பவர் எவராயினும், வந்தவர்களின் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். எங்களிடம் கடவுச்சீட்டை ஒருவரும் கேட்கவே இல்லை. 2025 ஜனவரி 1 முதல் குறுகிய கால வாடகை வீடுகள் அனைத்துக்கும் தேசிய அடையாள எண் கட்டாயம். அது விளம்பரத்திலும் கட்டடத்தின் வெளிப்புறத்திலும் தெரிய வேண்டும். எண் பெறாதவர்களுக்கு 800 முதல் 8,000 யூரோ வரையிலும், பெற்றும் காட்டாதவர்களுக்கு 500 முதல் 5,000 யூரோ வரையிலும் அபராதம் உண்டு. அந்த எண்ணை நாங்கள் எங்கும் காணவில்லை. உள்ளூராட்சிக்குச் சேர வேண்டிய சுற்றுலா வரியை ரொக்கமாக வாங்கியவர்கள் அதற்கு ரசீது கொடுக்கவில்லை. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் நீங்கள் கணக்கில் வராத விருந்தினர் என்று பொருள். பின்னால் தகராறு வந்தால், நீங்கள் அங்கே தங்கியதற்கான சான்றைக்கூட நீங்களே தேட வேண்டியிருக்கும்.

கிளம்பும் நாளில் சூடேற்றக் கட்டணம் என்று ஒரு பில்லை நீட்டினார்கள். ரேடியேட்டரே இயங்காத வீட்டுக்கு எப்படிக் கட்டணம் என்று கேட்டால், எரிவாயு மீட்டர் மாளிகைக்கும் எங்கள் வீட்டுக்கும் பொதுவாம். பாகம் பிரித்துப் போட்டிருக்கிறார்களாம். ஆக, மாளிகையில் அடுப்பும் ரேடியேட்டரும் தடையின்றி எரிந்திருக்கின்றன, அபராதத்துக்கு அவர்கள் அஞ்சவில்லை. மேசையில் கீறல் என்று காப்புத்தொகையிலும் பிடித்தம் செய்தார்கள். வந்த அன்றே என் மனைவி எடுத்து வைத்திருந்த படங்களில் அந்தக் கீறல் தெளிவாக இருந்தது. அதைக் காட்டிய பிறகும் பணம் திரும்பவில்லை.

கடன் அட்டையில் செலுத்திய சூடேற்றக் கட்டணத்தையும் காப்புத்தொகையையும் எதிர்த்து வங்கியிடம் முறையிட்டோம். விளம்பரத்தின் திரைப்பிடிப்புகளையும் தேதியிட்ட படங்களையும் பார்த்த வங்கி அவ்விரண்டையும் மீட்டுத் தந்தது. வங்கிப் பரிமாற்றமாக அனுப்பிய முன்பணம் போனது போனதுதான். ஒப்பந்தத்தில் முன்பணத்தை இத்தாலியச் சிவில் சட்டத்தின் 1385ஆம் பிரிவின் கீழ் உறுதித்தொகையாகக் குறித்திருந்தால், வாங்கியவர் வாக்குத் தவறும்போது கொடுத்தவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு இரு மடங்காகக் கேட்கலாம். அதற்கு அங்கேயே வழக்காட வேண்டும். எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஜெர்மனியில் வசிப்பவர்கள் என்பதால் ஐரோப்பிய நுகர்வோர் மையத்தை நாட வழி இருந்தது. அம்மையம் வணிகர்களுக்கு எதிரான புகார்களை மட்டுமே ஏற்கும். எங்கள் ஒப்பந்தமோ தனிநபர் பெயரில் இருந்தது.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்களுக்கு அந்த மையத்தின் உதவியும் கிடைக்காது. ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று வேண்டும் என்பதற்காக அவசரப்பட்டு வங்கிப் பரிமாற்றத்தில் முன்பணம் அனுப்பாதீர்கள். ரத்து செய்யக்கூடிய முன்பதிவை அட்டையில் செய்துகொள்ளுங்கள். தூங்கப்போகும் அறை எந்தக் கட்டடத்தில், எந்தத் தளத்தில் இருக்கிறது, அதற்கான சூடேற்றக் கட்டணம் வாடகையில் அடங்குமா, அடையாள எண் என்ன என்பவற்றை மின்னஞ்சலில் கேட்டு, பதில் எழுத்தில் வந்த பிறகே பணம் கட்டுங்கள்.