சிப்பிப்பாறைக்குக் குளிர்கோட்டு: ஃப்ளீஸா, பஞ்சு வைத்ததா, கம்பளியா?

ஜனவரியில் கொடைக்கானல், ஊட்டி பக்கம் டென்ட் போட்டால், விடியும்போது புல் நுனியெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அடர்ந்த உள்ரோமம் உண்டு. கோட்டு இல்லாமலே தாங்கிக்கொள்ளும். கரிசல் காட்டு வெயிலில் முயல் துரத்திய நம் நாட்டு வேட்டை நாய் இனங்களான சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் அது முடியாது. தோலோடு ஒட்டிய குட்டை ரோமம், ஒட்டிய வயிறு, கொழுப்பில்லாத உடம்பு. அவற்றுக்குக் கோட்டு கட்டாயம்.

ஃப்ளீஸ் என்பது பஞ்சுபோல் மென்மையான பாலியஸ்டர் துணி. அதில் தைத்த கோட்டு உடம்போடு இழுபட்டு வரும்; நாய் சுருண்டு படுக்கத் தடையில்லை, துவைத்தால் சீக்கிரம் காயும். 250 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனத்தில் வாங்குங்கள். ஆனால் காற்று அதற்குள் தாராளமாகப் புகும். பனி இறங்கிய புல்லில் ஒருமுறை புரண்டால் இழைகளுக்கு இடையில் ஈரம் தங்கி, கதகதப்பு போய்விடும். ஒட்டுப்புல், நாயுருவி விதையெல்லாம் அப்பிக்கொண்டு வரும். ஆகவே டென்டுக்குள் இரவு உடையாக இது சரி.

பஞ்சு வைத்துத் தைத்த ஜாக்கெட்டின் வெளித்துணி நைலான். காற்றை நிறுத்தும், தூறலை வழியவிடும். அடைமழையில் தையல் துளைகள் வழியே நீர் உள்ளே இறங்கும். உள்பக்கம் தையல்மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை முதுகை மட்டுமே மூடுகின்றன. இந்த நாய்களுக்கு வயிற்றில் ரோமமே குறைவு என்பதால் மார்பும் வயிறும் மூடும் தையல்தான் வேண்டும். ஆண் நாய்க்கு வயிற்றுத் துணி முன்னாலேயே முடிய வேண்டும், இல்லையென்றால் சிறுநீரில் நனைந்து குளிரைக் கூட்டும்.

கம்பளி ஸ்வெட்டர் லேசான ஈரத்திலும் சூடு தரும். நன்றாக நனைந்தாலோ கனத்துத் தொங்கி, கால் சிக்கும். மலையில் அது காய்வதற்குள் பயணமே முடிந்துவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அப்போது ஜாக்கெட்தான். ஜனவரி, பிப்ரவரியில் ஃப்ளீஸும் அதன்மேல் காற்று புகாத மெல்லிய மழைக்கோட்டும் சேர்த்துப் போடுவது எங்கள் முதல் தேர்வு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வயிறு மூடிய ஜாக்கெட்.

அளவில்தான் பலர் தவறுகிறார்கள். நாயை நிற்கவைத்து, கழுத்துப் பட்டை இருக்கும் இடத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். அடுத்து, முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவு. இந்த இனங்களுக்கு மார்பு ஆழம், இடுப்பு ஒடுக்கம். நீளத்தை மட்டும் பார்த்து வாங்கினால் மார்பு இறுகும், இடுப்பில் தொளதொளக்கும். மார்பளவுக்கு வாங்கி, இடுப்புப் பட்டையை இறுக்குங்கள். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். வெல்க்ரோவில் ரோமமும் சகதியும் அடைந்தால் பிடிக்காது, அதைவிட பக்கிளே நல்லது.

கேம்ப் தீயருகே கவனம். ஃப்ளீஸும் நைலானும் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி அப்படி உருகாது. அந்த ஒரு இடத்தில் அதுதான் ஜெயிக்கிறது. எந்தக் கோட்டானாலும் நாயைக் காற்று வரும் பக்கத்தில், தீயிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

படுக்கும்போது அடியில் அமுங்கும் பஞ்சு சூட்டைப் பிடிக்காது, தரை உறிஞ்சிவிடும். ஃபோம் பாய் ஒன்றை விரித்து, மேலே சாக்கோ பழைய போர்வையோ போடுங்கள். நடுங்கினாலோ, மாறிமாறிப் பாதத்தைத் தூக்கினாலோ கோட்டு போதவில்லை. மூச்சு வாங்கினால் கழற்றுங்கள்; ஓடும்போதும் வேண்டாம். காலையில் கழற்றியதும் அக்குளில் பட்டை உரசிச் சிவந்திருக்கிறதா, உண்ணி ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.